ஆட்டிசம் கண்டறிய ஆசிரியர் நிரப்பும் படிவம்: உங்களை உறுத்திய கேள்வி எது?

தராசு:
எட்டாம் கேள்விதான். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை." கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும். உடனே திரும்புகிற பிள்ளைக்கு "ஒருபோதும் இல்லை" என்று டிக் விழும். "ஒருபோதும் திரும்புவதில்லை" என்று சேர்த்துப் படிக்கிற ஆசிரியரும் அதே கட்டத்தில்தான் டிக் போடுவார். நேரெதிரான இரண்டு பிள்ளைகளுக்கும் பூஜ்யம்! மொத்த மதிப்பெண்ணோடு ஒட்டாத கேள்வி இருந்தால் முதலில் வாக்கியத்தைப் பாருங்கள்.

நாலாம் பீரியட்:
ஆல்ஃபா (படிவத்தின் நம்பகத்தன்மைக்குப் போடுகிற ஓர் எண், உச்சம் 1) 0.94 என்று துள்ளுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கேள்விகளைப் புரட்டினால் ஆறு கேள்வி கண்ணைப் பார்ப்பது பற்றியே இருக்கும், வார்த்தை மட்டும் வேறு. ஆல்ஃபா ஏறாமல் என்ன செய்யும்? கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைத்தான் அது காட்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒத்துப்போனால்தான் படிவத்தை நம்பலாம்.

பென்சில்சீவி:
அப்படிச் சொல்லிவிட முடியாது. கணக்கு வகுப்பில் சமாளிக்கிற பிள்ளை, விளையாட்டு பீரியடில் விசில் ஊதியதும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விடும். இரண்டு ஆசிரியர்களும் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். ஒத்திசைவைச் சோதிக்க, ஒரே வகுப்பறையில் ஒன்றாக இருக்கும் இருவரிடம் தனித்தனியாக வாங்குங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பியர்சன் ஒட்டுறவை நம்பாதீர்கள், இருவர் போடும் எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்றுதான் அது பார்க்கும். மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் 12, 20, 28 போடுகிறார், மற்றவர் 17, 25, 33. பியர்சன் 1.0 என்று சிரிக்கும், ஆனால் வெட்டுப்புள்ளி (இதைத் தொட்டால் பிள்ளையை மேல் பரிசோதனைக்கு அனுப்பும் மதிப்பெண்) 22 என்றால் நடுப்பிள்ளை ஒருவர் கணக்கில் உள்ளே, மற்றவர் கணக்கில் வெளியே. ஐசிசி (இருவர் போட்ட மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போடுங்கள், அதிலும் முழு உடன்பாட்டைப் பார்க்கிற வகையை. "அடிக்கடி" என்று விடாமல் "வாரத்தில் 3 நாளாவது" என்று எழுதுங்கள். "கடந்த ஒரு மாதத்தில்" என்று கால எல்லை வையுங்கள். சேர்ந்து பத்து நாளான பிள்ளைக்குப் படிவமே கொடுக்காதீர்கள். அதே ஆசிரியரிடம் அதே படிவத்தை மறுபடி வாங்கும் மறுசோதனைக்கு இரண்டு வாரம் விடுங்கள். மறுநாளே கொடுத்தால் நேற்றைய டிக் கைக்கு ஞாபகம் இருக்கும். "பார்க்க வாய்ப்பில்லை" என்று ஒரு கட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் தெரியாததெல்லாம் பூஜ்யமாகிவிடும்.

ஓரக்குறிப்பு:
வெட்டுப்புள்ளி என்றதும் ஒன்று. 1999-ல் வந்த ஏ.எஸ்.எஸ்.கியூ என்ற ஆட்டிசம் படிவத்தில் 27 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. பெற்றோருக்கு 19, ஆசிரியருக்கு 22. இருவருக்கும் அதே கேள்விகள்தான், கோடு வேறு. பெற்றோர் படிவத்தின் கோட்டை அப்படியே ஆசிரியர் படிவத்துக்கும் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

தராசு:
எட்டாம் கேள்வியை இப்படி மாற்றியாயிற்று: "பத்து முறை கூப்பிட்டால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கும்?" இனி "இல்லை" என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. கூட்டும்போது மட்டும் எண்ணைத் திருப்பிப் போட (10 என்றால் 0, 0 என்றால் 10) மறக்கக் கூடாது.