மறு: நெக்ரோசெக்டமிக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

> 'கணைய வெட்டு' அல்லது 'அழுகல் நீக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, நெக்ரோசெக்டமிக்கு, அதாவது கணையத்தில் செத்துப்போன திசுவை அகற்றும் அறுவைக்கு, நீங்கள் சொன்ன இரண்டு பெயருமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் 'வெட்டு'. கடுங்கணைய அழற்சிக்கு (acute pancreatitis) செய்யும் இந்த அறுவையில் கணையத்தை யாரும் வெட்டுவதில்லை. செத்துத் தளர்ந்து கையோடு வருகிற திசுவை மட்டும் விரலாலோ இடுக்கியாலோ மெல்ல எடுக்கிறார்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுத்தால் ரத்தக்குழாய் கிழிந்துவிடும். கணையத்தின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்கும் அறுவை தனியாக இருக்கிறது. 'வெட்டு' அதற்குத்தான் வேண்டும்.

'அழுகல்' அதைவிடச் சிக்கல். திசு செத்திருந்தாலும் அதில் கிருமி தொற்றாமல் இருக்கலாம். தொற்று இல்லையென்றால் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாது. சிகிச்சை முடிவே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது, அதைச் சொல் மறைக்கக் கூடாது. 'நசிவு' (திசு செத்துப்போதல், necrosis) இரண்டுக்கும் பொது. வேண்டுமானால் 'தொற்றிய நசிவு' என்று பிரித்துச் சொல்லலாம்.

என் முன்மொழிவு: நசிவுக் களைவு. பயிரை விட்டுக் களையை எடுக்கிற வேலைதானே இதுவும்! வினையாகவும் புழங்கும்: 'நசிவைக் களைந்தார்கள்'. வயிற்றைத் திறந்து செய்தால் திறந்த நசிவுக் களைவு. இரைப்பைச் சுவரைத் துளைத்து எண்டோஸ்கோப் வழியாகப் போனால் அகநோக்கிவழி நசிவுக் களைவு. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், கடுங்கணைய அழற்சியை வகைப்படுத்தும், 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டில் நசிவைச் சுற்றிச் சுவர் உருவான நிலைக்குத் தனிப்பெயர் உண்டு. அதற்குப் பொதுவாக 4 வாரமாவது ஆகும். முடிந்தவரை அதுவரை அறுவையைத் தள்ளிப்போடுவதால் இந்தப் பெயர் அடிக்கடி வரும். முன்பு வந்த 'உறையிட்ட நசிவு' வேண்டாம், ரத்தம் உறைவதை நினைவூட்டுகிறது. 'சுவர்கட்டிய நசிவு' போதும்.

முதலில் தேங்கிய நீர்மத்தை வெளியேற்ற வடிகுழாய், அது போதாவிட்டால் மட்டும் களைவு என்கிற முறையைப் 'படியேற்ற முறை' எனலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கு வடிகுழாயே போதுமானதாக இருந்தது. அதனால் 'வடிப்பு', 'களைவு' இரண்டையும் குழப்பாமல் எழுத வேண்டும்.

ஒரு சந்தேகம். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் ஒற்று மிகாது என்றால் 'நசிவு களைவு' என்றல்லவா வர வேண்டும்? ஒற்று இல்லாவிட்டால் இரண்டு பெயர்ச்சொற்களைச் சும்மா அடுக்கியது போல் கிடக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.