டயர் மாற்றியபின் ஹைபிரிட் காரின் மைலேஜ் குறைந்தது ஏன்?

கியூர்பிப்வாசி:
வணக்கம். என் டொயோட்டா அக்வாவின் 175/65 R15 (அகலம் 175 மி.மீ., ரிம் 15 அங்குலம்) டயர்களைக் கழற்றிவிட்டு, அழகுக்காக 195/50 R16 டயர்களை அலாய் வீல்களோடு பொருத்தினேன். இங்கே மொரீஷியஸில், கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் சென்று திரும்பும் அதே பாதையில், லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 19-ஐத் தாண்டுவதில்லை. பேட்டரி பழுதாகியிருக்குமோ?

மலைச்சாரல்:
பேட்டரியைச் சந்தேகிக்குமுன் டயரைப் பாருங்கள். பழைய சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 608 மி.மீ., புதியது 601. சக்கரம் சிறுத்ததால், ஓடிய தொலைவை வண்டியின் மீட்டர் 1 விழுக்காடு அளவுக்குக் கூட்டியே காட்டும். ஆகவே உண்மையான இழப்பு திரையில் தெரிவதைவிடச் சற்று அதிகம். அகலமான டயர் காற்றையும் கூடுதலாக எதிர்கொள்கிறது. மேட்டிலுள்ள கியூர்பிப்பிலிருந்து இறங்கும்போது பிரேக்கின் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பினாலும், டயர் உருளும்போது வெப்பமாகக் கரைந்தது திரும்புவதே இல்லை.

பழைய ஓட்டுநர்:
புது டயர் என்பதையும் மறக்க வேண்டாம். தேய்ந்த டயரைவிட அதில் ரப்பர் தடிமன் என்பதால், உருள்வதற்கு எதிர்ப்பும் கூடுதல். காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்றை அளந்து பாருங்கள். எனக்கு டயர் மாற்றிய கடையில் 26 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) மட்டுமே அடித்திருந்தார்கள், அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது.

கியூர்பிப்வாசி:
நன்றி, ஐயா. இன்று காலை அளந்தேன். முன் சக்கரங்களில் 27தான் இருந்தது. சரிசெய்துவிட்டேன். ஆனாலும் பழைய 15 அங்குல ரிம்களை விற்கும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிட்டேன்.