ஏற்காட்டில் எரித்ரோபொய்டின் ஊசி: குளிர் கெடாமல் வைக்க வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு சிறுநீரகப் பழுதால் ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7.8. சேலத்து டாக்டர் வாரம் ஒரு எரித்ரோபொய்டின் ஊசி எழுதியிருக்கிறார். எலும்பு மஜ்ஜையை ரத்த அணு உண்டாக்கத் தூண்டும் இந்த ஹார்மோனை சிறுநீரகம்தான் சுரக்கணும். அம்மாவுக்குப் போதுமான அளவு சுரக்கவில்லை. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை யோசனைகளை அன்போடு தவிர்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக்குத் தனி சிகிச்சை நடக்கிறது.

சிக்கல் மருந்தைக் காப்பாற்றுவதில்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும், உறையக் கூடாது, குலுக்கக் கூடாது. நாங்கள் இருப்பதோ மலை மேல். சேலத்தில் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸில் வரணும். போன முறை மெடிக்கலில் ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தால் சிரிஞ்சுக்குள் மருந்து உறைந்து வெள்ளையாக நின்றது. அத்தனை பணமும் குப்பைக்கு. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது.

இன்சுலின் எடுத்துவரும் மலைக்காரர்கள் என்ன பெட்டி வைத்திருக்கிறீர்கள்? ஏற்காடு டவுன் பக்கம் வீட்டுக்கே வந்து ஊசி போடும் நர்ஸ் யாராவது உண்டா? இந்த ஊசியால் பிரஷர் ஏறலாம் என்பதால் அதையும் பார்க்கத் தெரிந்தவராக வேணும். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் டார்பெபொய்டினுக்கு மாறியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் கேட்கணும். வியாழக்கிழமை அடுத்த ஊசி வாங்கப் போகிறேன், அதற்குள் பெட்டி விஷயம் மட்டுமாவது தெரிந்தால் பெரிய உதவி.