தமிழில் அடித்தால் மட்டும் சொதப்பும் கீபோர்டு பக்: உங்களுக்கு எங்கே மாட்டியது?

கீழவாசல்:
ஒரு ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் செய்தோம். பெயர்ப் பெட்டிக்கு ஓப்பன் சோர்ஸ் ஆட்டோகம்ப்ளீட் லைப்ரரி (அடிக்கும் சொல்லை முடித்துத் தரும் ஆயத்த நிரல்) ஒன்று. அங்கே பதிவு செய்யும் அக்கா ஃபொனட்டிக்கில் அடிப்பவர். ஆங்கில எழுத்தில் அடிக்கிறார், கீழே கீபோர்டின் பரிந்துரையாக ‘முருகன்’ வருகிறது, என்டர் தட்டுகிறார். பட்டியலில் ஏறியது ஆங்கில எழுத்தில் இருந்த பெயர். ‘முருகன்’ அடுத்த ஆளுக்கான காலிப் பெட்டியில் போய் விழுந்தது. அதைக் கவனிக்காமல் அவர் அடுத்த பெயரை அடிக்க, ‘முருகன்லட்சுமி’ என்று ஒரு உறுப்பினர் உருவாகிவிட்டார். “தம்பி, நான் சரியாத்தானே அடிச்சேன்?” என்று அவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அவர் சரியாகத்தான் அடித்தார்.

கட்டை அழுந்தியதும் பிரவுசர் அனுப்பும் கீடவுன் ஈவென்டில் (அறிவிப்பில்) என்டரைப் பார்த்த உடனே லைப்ரரி சப்மிட் செய்துவிடுகிறது. அந்த என்டர் சொல்லைத் தேர்வதற்கானது. ஈவென்டில் இஸ்கம்போஸிங் ட்ரூ (சொல் இன்னும் முடிவாகவில்லை) என்று வருகிறதே, அதைப் பார்த்து ஒதுக்கச் சொன்னோம், சரியாகிவிட்டது. வேறொரு பிரவுசரில் மறுபடி அதே கதை. அதில் சொல் முடிவாகிவிட்டது என்னும் கம்போசிஷன்எண்ட் ஈவென்ட் முதலில் வந்துவிடுகிறது, கீடவுன் அதற்குப் பிறகுதான். அதனால் இஸ்கம்போஸிங் ஃபால்ஸ். கட்டையின் எண்ணைச் சொல்லும் கீகோட் மட்டும் 229 (கட்டையைக் கீபோர்டு மென்பொருள் கையாள்கிறது) என்று நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அடங்கியது.

மல்லிப்பூ:
எனக்கு பைகேமில் (பைத்தானில் விளையாட்டு எழுதும் லைப்ரரி). அண்ணன் மகளுக்காகச் சொல் விளையாட்டு ஒன்று எழுதினேன், தமிழ்99 கீபோர்டு அமைப்பு. குழந்தை ‘அம்மா’ என்று ஒவ்வொரு கட்டையாகத் தேடித்தேடி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள், திரையில் அந்தக் கட்டைகளின் ஆங்கில எழுத்துகள்: ஏ, கே, கே, க்யூ. “சித்தி, கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?” என்றாள்.

நான் பின்பற்றிய பாடத்தில் கீடவுன் ஈவென்டிலிருந்தே எழுத்தை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது எந்தக் கட்டை அழுந்தியது என்பதற்கானது. கீபோர்டு மென்பொருள் முடிவு செய்த எழுத்து டெக்ஸ்ட்இன்புட் ஈவென்டில் வருகிறது. அதற்கு மாற்றியதும் அம்மா வந்துவிட்டாள். பைகேமுக்கு அடியில் இருக்கும் எஸ்டிஎல் 2 லைப்ரரியில் அந்த ஈவென்டின் பெட்டி 32 பைட்தான் என்பதையும் கவனியுங்கள், யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் (புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிதான்) 3 பைட். இன்னும் முடிவாகாத சொல்லைத் தரும் எடிட்டிங் ஈவென்டுக்கும் அதே அளவு. அதனால் ‘திருவண்ணாமலை’ என்று நீளமாக அடித்துக்கொண்டிருக்கும்போது, அடிக்கோட்டில் ‘திருவண்ணாம’ வரைதான் கொள்ளும். எஸ்டிஎல் 2.0.22-இல் நீளமான எடிட்டிங் ஈவென்டைத் தனியாகச் சேர்த்தார்கள்.

வைகைக்கரை:
கீழவாசல் சொன்னது ஈவென்ட் வரிசைச் சிக்கல். என்னுடையது பேக்ஸ்பேஸ். எடிட்டர் லைப்ரரி ஒன்றைப் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். மறுநாள் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது: ‘அம்’, அதற்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம், வட்டத்தை ஒட்டி ஒரு கால். அடித்த சொல் இதுவும் ‘அம்மா’தான்.

ஃபொனட்டிக் கீபோர்டுகள் சில எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கே தெரியும். எம் அடித்தால் ‘ம்’. அடுத்து ஏ அடித்தால், புள்ளியை மட்டும் எடுக்க அதுவே ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்பும். புது வெர்ஷனில் பேக்ஸ்பேஸ் ஒரு குறியீட்டை அழிப்பதற்குப் பதில், கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டது. புள்ளியோடு மகரமும் போயிற்று. கீபோர்டோ தன் நினைவில் ‘ம’ இருப்பதாகவே வைத்திருக்கிறது, இரண்டாவது ஏ-க்குக் காலை மட்டும் அனுப்புகிறது. அது ‘ம்’ மேல் ஏற முடியாமல் வட்டத்தில் தொங்குகிறது. எமோஜிக்காக நல்லெண்ணத்தில் செய்த மாற்றம் அது. பல குறியீடுகள் சேர்ந்த குடும்ப எமோஜியைப் பாதியாக அழிக்கக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் தமிழில் ‘கீ’ என்று அடித்துவிட்டு ‘கி’ ஆக்க நினைப்பவருக்கு ஈகாரக் கொக்கி மட்டும் போனால் போதும்.

மெய்யெழுத்து:
கீழவாசல் அண்ணே, 229 பார்க்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கீகோட் என்பதே கைவிடச் சொன்ன பழைய வழி. ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும் 229 வருவது சகஜம். ‘229 வந்தால் ஒதுக்கு’ என்று பொதுவாக எழுதினால் போனில் ஒன்றுமே நடக்காது. ஒரு கடை பில்லிங் ஆப்பில் இதே வரியைப் பார்த்தேன், போனில் தேடல் பெட்டி செத்துக் கிடந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லாரும் கட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், வந்து விழுந்த எழுத்தையும் பாருங்கள். ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அனுப்பலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்முன் என்எஃப்சி என்னும் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். அதுவும் எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பதில் ளகரத்தை அடித்தவர் இருந்தால் அதை என்எஃப்சி தொடாது. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். 2005-இல் யூனிகோடு 4.1-இல் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதை ‘ஸ’ வைத்தும் ‘ஶ’ வைத்தும் இரண்டு விதமாக எழுத வழி வந்துவிட்டது, ஸ்ரீதர் ஒருவரே இரண்டு ஆளாக நிற்பார். பெயர் நீளத்துக்கு வரம்பு வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: ‘ஸ்ரீதர்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, நிரலுக்கு 7 குறியீடு.

கீழவாசல்:
தம்பி, நான் பொதுவாக ஒதுக்கச் சொல்லவில்லை. என்டருக்கான கிளைக்குள் மட்டும் 229. பழைய வழி என்று விட்டுவிட்டால் அந்தப் பிரவுசரில் நூலகத்து அக்காவுக்கு வேறு வழி இல்லை. உங்களிடம் மாற்று இருந்தால் எழுதுங்கள், நாளைக்கே மாற்றுகிறேன். ‘ஸ்ரீ’ விஷயம் மட்டும் எனக்குப் புதுசு, எங்கள் பட்டியலையும் பார்த்துவிடுகிறேன்.

தாழ்வாரம்:
பழைய டைப்ரைட்டர் அமைப்பை ஒருவரும் தொடவில்லையே? எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு ஹையர் முடித்த அம்மா ஒருவர் இருக்கிறார். கட்டையைப் பார்க்கவே மாட்டார், கேட்டால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்த அமைப்பில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடிலோ மெய் முதலில். அதனால் கீபோர்டு கொம்பைப் பிடித்து வைத்திருந்து, மெய் வந்ததும் இடம் மாற்றித் தர வேண்டும். நாங்கள் போட்ட ஃபார்ம் லைப்ரரி ஒவ்வொரு இன்புட் ஈவென்டுக்கும் பெட்டியின் மதிப்பைத் திரும்ப எழுதியது. பிடித்து வைத்த கொம்பு அங்கேயே கழன்றுவிட்டது.

அவர் ‘செல்வம்’ அடித்தார், ‘சல்வம்’ வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி ‘சல்வம்’. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அத்தனை வேகமான கை.

கம்போசிஷன் முடியும்வரை மதிப்பைத் தொடாதே என்று சின்னத் திருத்தம் எழுதி அனுப்பினேன். லைப்ரரியைப் பராமரிப்பவரிடம் அந்தக் கீபோர்டு இல்லை, தன்னிடம் பிரச்சினை வரவில்லை என்கிறார். ஈவென்ட் வரிசையை லாக் எடுத்து, திரையையும் பதிவு செய்து இணைத்திருக்கிறேன். இதே அமைப்பில் அடிப்பவர் யாராவது ஓட்டிப் பார்த்து அங்கே ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். அதுவரை அந்த அம்மா ஒவ்வொரு பெயரையும் நோட்பேடில் அடித்துத்தான் ஃபார்மில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.