தங்கச்சி மலாவிக்கு வேலைக்குப் போகிறாள்: அங்கே கிராமத்து ஆஸ்பத்திரி எப்படி?

படுவான்கரையான்:
வணக்கம். நாங்கள் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தங்கச்சி தாதி. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மிஷன் (தேவாலயம் நடத்துகிற) ஆஸ்பத்திரிக்கு ஒரு வருட வேலைக்குப் போகிறாள். டவுன் இல்லை, மண் ரோட்டில் உள்ளுக்குப் போகிற இடம். அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "2014இல மண்முனைப் பாலம் திறக்கிறதுக்கு முன்னம் நாமளும் பாதையில (ஆற்றைக் கடக்கிற மிதவையில) ஏறித்தானே ஆஸ்பத்திரிக்குப் போனோம், அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்து வைத்திருக்கிறேன். சரிதானா? அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்?

களுவாஞ்சிக்குடி அக்கா:
தம்பி, நான் அங்கே இரண்டு வருடம் தாதியாக இருந்தவள். நீங்கள் சொன்னது பாதி சரி. நமக்கு ஆற்றைக் கடந்தால் டொக்டர் இருந்தார். அங்கே பத்துக் கட்டை நடந்து சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பெரும்பாலும் டொக்டர் இருக்க மாட்டார். டொக்டர் பட்டம் இல்லாமல் மருந்து கொடுத்த நம்முடைய பழைய அப்போதிக்கரிமார் மாதிரி மெடிக்கல் அசிஸ்டன்ட் ஒருவர்தான் பார்ப்பார்.

அதனால் பிள்ளையை முதலில் பார்க்கிறது ஊருக்குள் இருக்கிற சுகாதார உதவியாளர். 1000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு, நடப்பில் ஒருவருக்கு அதைவிடக் கூட ஆட்கள். அவரிடம் ஒரு மருந்துப் பெட்டி. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, சோதனைப் பட்டியில் விட்டு 15 நிமிடம் பார்ப்பார். மலேரியா என்றால் 3 நாளைக்கு 6 வேளைக் குளிசை. அப்புறம் சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவார். ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் போனால் நியூமோனியா என்று எடுப்பார்கள். ஒரு வயது தாண்டியதற்கு 40. கேட்க லேசு. அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ண முடியாதே! ஒரு நாள் மாமரத்தடியில் முப்பது வரை வந்ததும் பிள்ளை வீரிட்டது. தாய் பால் கொடுத்து அடக்க, திரும்ப ஒன்றிலிருந்து. மூன்று தரம்.

பெட்டியில் குளிசை முடிந்தால்தான் வில்லங்கம். நவம்பரிலிருந்து மழை, ரோடு சேறு. சைக்கிளுக்குப் பின்னால் கட்டில் மாதிரி வண்டில் கட்டி நோயாளியை இழுத்து வருவார்கள்.

அரசாங்க நிலையத்தில் காசு இல்லை. மிஷனில் கட்ட வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் அரசாங்கமே கட்டுகிற இடங்களும் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் முன்கூட்டியே சோளமா, சட்டி, விறகோடு வந்து ஆஸ்பத்திரிப் பக்கத்துக் காத்திருப்பு வீட்டில் தங்குவார்கள். கையில் ஒரு கறுப்புப் பொலித்தீனும் இருக்கும். மழைக்கு என்று நினைத்தேன். பிரசவக் கட்டிலில் விரிக்கிறதுக்காம்.

அக்கரைப்பற்று நானா:
ஆப்பிரிக்கா முழுக்க ஒரே மாதிரி என்று நினைக்காதீங்க. ருவாண்டாவில் 2016லிருந்து ட்ரோனில் இரத்தம் அனுப்புறாங்க, ஆஸ்பத்திரி முற்றத்தில் பரசூட்டில் வந்து விழும். எதியோப்பியாவில் 2003இல் தொடங்கின திட்டத்தில் ஒவ்வொரு ஊர்ச் சுகாதார நிலையத்துக்கும் பயிற்சி எடுத்த பெண்கள் இரண்டு பேர், நம்மட மிட்வைஃப் மிஸ் மாதிரி வீடு வீடாப் போவாங்க. அந்த ட்ரோனை யானை மறிக்கிற நம்மட ரோட்டுக்கும் ஒண்டு கேட்டுப் பாருங்க.

உன்னிச்சைக் குளம்:
தங்கச்சியை அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். தடுப்புக் குளிசை இலவசம், பயணத்துக்கு முன்னமே தொடங்க வேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் வந்தால், டொக்டர் கேட்க முதல் "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்று சொல்ல வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாகியது. இப்போது காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் டெங்குதான் ஞாபகம் வரும்.

படுவான்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பொலித்தீன் கதைக்குத் தலையில் கை வைத்தா. பிறகு ஒன்றுதான் கேட்டா: "அந்த மாமரத்தடிப் பிள்ளைக்கு என்ன ஆச்சுதாம்?"

களுவாஞ்சிக்குடி அக்கா:
நாலாம் தரம் எண்ணி முடித்தோம், 48. ஒன்பது மாதப் பிள்ளை, அதனால் நியூமோனியா இல்லை. மலேரியா இருந்தது. முதல் குளிசையைக் கரைத்துக் கொடுக்க, என் சட்டையில் துப்பிவிட்டது. திரும்பக் கொடுத்தோம். நாலாம் நாள் தாய் முதுகில் கட்டிக்கொண்டு வந்து காட்டினாள், கையில் எனக்கு இரண்டு மாங்காய்.