தமிழ் தெரியும் என்பதால் தமிழர் எல்லோரையும் என்னிடம் அனுப்புகிறார்கள். கவுன்சலிங் படிப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

செம்பூர்வாசி எழுதியது:

மும்பையில் மனநல ஆலோசனை முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வகுப்பில் 26 பேர். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் களப்பயிற்சி நடக்கும் தாராவி மையத்துக்கு யாராவது நெற்றியில் திருநீற்றோடு வந்தாலே போதும், "உன் ஆள் வந்திருக்கிறார்" என்று என் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சென்ற மாதம் அப்படி ஒரு பெரியவர் வந்தார் (குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் விற்பவர். திருநெல்வேலிப் பக்கம். உட்கார்ந்ததும், "மேலுக்கு முடியவில்லை அம்மா" என்றார். தாராவியில் பல வீடுகள் ஒற்றை அறை, அதற்கு மேல் ஒரு பரண், பரணுக்கு ஓர் இரும்பு ஏணி என்ற கணக்கில்தான் இருக்கின்றன. நான் மிகுந்த அக்கறையோடு, "ஏணியில் ஏற முடியவில்லையா? முழங்கால் வலியா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கூட வந்திருந்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, மேல் என்றால் உடம்பு என்று சொன்னாள். எங்கள் வீட்டுத் தமிழ் கும்பகோணத்திலிருந்து மாட்டுங்கா வழியாகச் செம்பூருக்கு வந்தது. மூன்று தலைமுறையில் தேய்ந்து, சமையலுக்கும் பூஜைக்கும் திட்டுவதற்கும் போதுமான அளவில் நின்றுவிட்டது.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. அடுத்தது அப்படியில்லை. தூக்கம் வரவில்லை என்றார். பாடத்தில் படித்ததை ஒப்பித்தேன்: இரவு பத்து மணிக்குப் படுங்கள், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், படுக்கிற அறையில் வெளிச்சம் வேண்டாம். பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு, "நீங்கள் எந்த ஊர் அம்மா? அங்கே எந்தத் தெரு?" என்றார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லாமல் படிவத்தை நிரப்பினேன். மறுவாரம் அவர் வரவில்லை.

இதை மேற்பார்வைக் கூட்டத்தில் சொன்னபோது, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416 கொடுத்து அனுப்பினாயா, அதில் தமிழிலும் பேசலாமே என்று கேட்டார்கள். கொடுத்தேன். அத்தோடு கோப்பு முடிந்தது. அடுத்த வகுப்பில் மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5இல் உள்ள பண்பாட்டு நேர்காணலின் 16 கேள்விகளை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். நல்ல கேள்விகள்தான். உங்கள் வீட்டாரிடமும் உங்கள் சமூகத்தாரிடமும் இந்தப் பிரச்சினையை எப்படிச் சொல்வீர்கள் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அவர் என் பக்கம் திருப்பிய கேள்விக்கு நான் என்ன செய்வது என்று அந்தத் தாளில் இல்லை.

இப்போது துறையில் 'பண்பாட்டு நாள்' வருகிறது. அவரவர் மாநில உடை, அவரவர் மாநிலப் பலகாரம். மாணவர்களிடையே ஒற்றுமை வளருமாம். என்னிடம் 60 இட்லி கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யலாம் என்று சொன்னால், நீயே யோசித்துச் சொல் என்கிறார்கள். உங்கள் இடங்களில் என்ன செய்தீர்கள்? புத்தகப் பெயர்கள் வேண்டாம், கைவசம் நிறைய இருக்கின்றன.

---

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

தங்கச்சி, நான் பிறந்ததே தாராவியில். அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். நான் இதே தெருக்களில் சமூகப் பணி செய்கிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த இட்லிக்காரர்கள் இரவு இரண்டரைக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். ஐந்தரைக்குள் பாத்திரம் தலையில் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகம் போகிறவர்கள் போய்விடுவார்கள். விற்றுவிட்டு வந்து பாத்திரம் கழுவி, அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, சாயங்காலம் அரைத்து வைக்க வேண்டும். நடுவில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கோட்டைவிடக் கூடாது. அவர் படுக்க வேண்டியதே இரவு ஏழு, எட்டு மணிக்கு. தெரு முழுவதும் விழித்திருக்கும் நேரம் அது. அவரிடம் போய்ப் பத்து மணிக்குப் படுங்கள் என்றால் மனுஷர் தலையாட்டாமல் என்ன செய்வார்? இதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. மராத்திக்காரப் பிள்ளை கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும்.

எந்தத் தெரு என்று கேட்டது. சாதி கேட்கிறார் என்று நினைத்தீர்கள். கேட்டிருக்கலாம், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த வயதுக்காரர்கள் 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களை விரட்டு என்று கத்தியவர்களையும் பார்த்திருக்கிறார்கள், 1992-93 கலவரத்தையும் பார்த்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே வாயைத் திறந்து பிழைத்தவர்கள். நீங்கள் பதில் சொல்லாததே அவருக்குப் பதிலாகியிருக்கும்.

பலகார நாளை விடுங்கள். உங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேரை, மூன்று பேரை மட்டும், ஒரு நாள் காலை நான்கரை மணிக்கு என்னோடு நடக்கச் சொல்லுங்கள். நோட்டு வேண்டாம், போனை வெளியே எடுக்கக் கூடாது. காசு கொடுத்துச் சேரியைச் சுற்றிப்பார்க்க வருகிற கூட்டம் இங்கே ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதில் இன்னொன்று வேண்டாம். பேசுவதற்குக்கூட வர வேண்டாம். எத்தனை மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் போதும்.

---

அல்சூர் ஆலமரம் எழுதியது:

பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பயிற்சி மாணவர்களுக்கு மேற்பார்வையும் செய்கிறேன். பெரியவரைப் பற்றித் தாராவித் தம்பி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்களிடையே ஒட்டுதல் எப்படி வரும் என்பதற்கு மட்டும் ஒரு சம்பவம்.

2016 செப்டம்பரில் காவிரி விவகாரத்தில் இங்கே பஸ்களைக் கொளுத்தினார்கள். சில பகுதிகளில் ஊரடங்கு. தள்ளிப்போன எங்கள் கூட்டம் அடுத்த வாரம் கூடியது. ஆறு மாணவர்கள். ஒருத்தி மண்டியாப் பெண், அப்பாவுக்குக் கரும்பு வயல். இன்னொருவன் ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிற தமிழ்ப் பையன். எல்லையில் பஸ் நின்றுபோனதால் அத்திபலேயிலிருந்து நடந்தே வீடு போய்ச் சேர்ந்தவன். ஒரு வருடமாக ஒரே டப்பாவில் பங்கு போட்டுச் சாப்பிட்ட இருவரும் அன்றைக்கு எதிரெதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் ஒன்றும் நடக்காதது போலக் கோப்புகளை எடுத்தேன். இருபது நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கோப்பை மூடினேன். "இந்த வாரம் உங்கள் வீட்டில் சாப்பிடும்போது என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவில்லை, அது முக்கியம். அப்பா ராத்திரியில் டார்ச்சோடு போய் வாய்க்கால் மதகைப் பார்த்துவிட்டு வருகிறார் என்றாள் அவள். பஸ்ஸில் போனை எடுத்தால் தமிழில் பேசாதே என்று அம்மா சொல்லி அனுப்பினாள் என்றான் அவன். அவ்வளவுதான். சமாதானம், கட்டித்தழுவல் எதுவும் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் தன்னுடைய தவறு ஒன்றைக் கூட்டத்தில் வைத்தான். ஆலோசனைக்கு வந்த கன்னடப் பெண்மணி 'பேஜாரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நம் காதில் பேஜார் என்றால் தொல்லை, எரிச்சல். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குள் சலிப்பும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. மூன்று வாரம் கோபத்தை அடக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறான். அந்த அம்மாள் துக்கத்தில் இருந்திருக்கிறார். இதை மண்டியாப் பெண்ணின் முன்னால் சொல்ல அவன் கூச்சப்படவில்லை. விளக்கிச் சொன்னதும் அவள்தான். மாணவர்களுக்குள் ஒட்டுதல் வந்துவிட்டதா என்று பார்க்க எனக்கு இதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

அன்றைக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினோம். வருகிறவர்கள் சொல்லும் சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதுவது. 'நெஞ்சு அடைக்கிறது', 'ஒரு மாதிரியாக இருக்கிறது', 'கை கால் ஓடவில்லை', சிவாஜிநகர்ப் பக்கத்து 'கப்ராஹட்' (உருதுவில் பதற்றம், படபடப்பு). பெயர் கிடையாது, தேதி கிடையாது. எந்தப் பக்கத்துப் பேச்சு, சொல்லும்போது கை உடம்பில் எங்கே போனது என்று இரண்டே கட்டங்கள். பிறகு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: மருத்துவரைப் பார்த்தாரா? நெஞ்சு அடைக்கிறது என்பது சில சமயம் நெஞ்சு அடைப்பதேதான். உங்கள் 'மேலுக்கு முடியவில்லை' இன்று எங்கள் நோட்டில் ஏறிவிட்டது.

ஒன்று மட்டும் பாடத்திலிருந்து. 1992இல் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அரெடோண்டோ, ராடெரிக் மெக்டேவிஸ் மூவரும் ஆலோசகர்களுக்கான பண்பாட்டுத் திறன்களை வகுத்தபோது, வருகிறவருடைய உலகை அறிவதை இரண்டாவதாகத்தான் வைத்தார்கள். முதலில் வைத்தது ஆலோசகர் தன்னையே அறிவது. நம் கல்லூரிகளில் நேராக இரண்டாவதிலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

---

தில்லிப் பனி எழுதியது:

நான் தில்லியில் முதலாண்டு. விழுப்புரம் மாவட்டம், காலனித் தெரு. கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் வகுப்பிலும் 'விழிப்புணர்வு' நடந்தது. சாதியைப் பற்றி யாராவது தங்கள் அனுபவத்தைப் பகிருங்கள் என்றார் ஆசிரியர். முப்பது தலைகள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. 2017 மனநலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பாகுபாடு கூடாதவை என்று அடுக்கும்போது சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைத் தேர்வுக்கு ஒரு வரியாகப் படித்தார்கள்; பாடம் நடத்த என்னை எழுப்பினார்கள். நான் படிக்க வந்தவன், பாடப்புத்தகமாக வரவில்லை. ஆலமரம் அம்மா சொன்ன கேள்வி நல்ல கேள்வி, ஆனால் அதை முதலில் பெரிய வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்கும் சாதி உண்டு, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் பேச்சு உண்டு.

செம்பூர் அக்காவிடம் ஒரு கேள்வி. அவர் எந்தத் தெரு என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டீர்களே, அந்தக் கேள்வி உங்களைக் குத்தியதாலா, பதில் அவரைக் குத்தும் என்பதாலா?

---

செம்பூர்வாசி எழுதியது:

தம்பி, பதில் அவரைக் குத்தும் என்பதால்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி அழித்தேன்.

அக்ரகாரம் என்று சொல்லியிருந்தால் அந்த வயதிலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன், அது உண்மை. எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் நானே தொடங்குகிறேன்.

அம்மா, நோட்டு வாங்கிவிட்டேன். இந்தி, மராத்தி, போஜ்புரி பேசுகிற மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். போஜ்புரித் தோழி முதல் பக்கத்திலேயே என்னைத் தோற்கடித்துவிட்டாள், ஒன்பது சொல் எழுதியிருக்கிறாள்.

பண்பாட்டு நாளை நிறுத்த முடியவில்லை. இட்லி நான் கொண்டுவரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் மனக்கசப்புதான்.

தொண்ணூறடி அண்ணா, சனிக்கிழமை மூன்று பேர் வருகிறோம். நீங்கள் கோபப்பட்டது சரி. நான்கரைக்குச் செம்பூரிலிருந்து எப்படி வருவது? வழியில் அந்தப் பெரியவரைப் பார்க்க நேர்ந்தால் பேசலாமா?

---

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

ஆட்டோவில் சயான் வரை வாருங்கள், நான் நிலையத்தின் வெளியே நிற்கிறேன். மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், சந்துகளில் தண்ணீர் நிற்கும்.

அவரைப் பார்த்தால் நீங்களாகப் பேச வேண்டாம். உங்களிடம் வந்தவர் என்று பத்துப் பேருக்கு முன்னால் காட்டிக்கொடுத்தது போல் ஆகிவிடும். அவராகப் பேசினால் நின்று பேசுங்கள். விற்கிற நேரம், அதிகம் இழுக்காதீர்கள்.