எலி வளையானாலும் தனி வளை: ஹாம்ஸ்டருக்கு வீடு அமைத்தவர்கள் சொல்வது

எலி போன்ற சின்னச் செல்லப் பிராணியான ஹாம்ஸ்டரை வளர்க்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இது. ஒவ்வொருவர் பேச்சுக்கும் மேலே இருப்பது அவர் ஊர்ப் பெயர்: சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் டர்பன் பக்கம்; லெனேசியா ஜோகன்னஸ்பர்க் பக்கம்.

சாட்ஸ்வொர்த்

கடையில் ஹாம்ஸ்டரோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற கூண்டை வீட்டில் வைத்து உள்ளே டேப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 40-க்கு 25 செ.மீ. இருக்கும். மொத்தம் 1,000 சதுர செ.மீ. ஓடி விளையாடும் சக்கரமும் கிண்ணமும் வைத்துவிட்டால் மிச்சம் இரண்டு உள்ளங்கை அகலம்தான். சிரிய ஹாம்ஸ்டர் ஒன்றுக்குக் குறைந்தது 100-க்கு 50 செ.மீ. தரை, ஒரே தளமாக வேண்டும். மாடி, ஏணி, வண்ணக் குழாய் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இது நிலத்தில் ஓடி, நிலத்தைத் தோண்டி வாழும் பிராணி. கண் பார்வையும் மட்டம். 20 செ.மீ.க்கு மேல் உயரமான மாடியிலிருந்து நேராக நடந்து வந்து கீழே விழும்.

பிளாஸ்டிக் டப்பா வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மூடியை அளந்து வாங்குகிறார்கள். டப்பா கீழே போகப் போகக் குறுகும். மேலே 80 செ.மீ. இருப்பது அடியில் 68-தான் இருக்கும். அடியை அளந்து வாங்குங்கள்.

பீனிக்ஸ்

அண்ணன் சொன்ன அளவுக்குக் கையைக் கடிக்காத வழி, தண்ணீர் கசியும் பழைய மீன்தொட்டி. மீன் வளர்ப்பவருக்கு அது குப்பை, நமக்கு மாளிகை. 120 × 45 × 45 அளவில் கிடைத்தால் தரை 5,400 ச.செ.மீ. கண்ணாடி 6 மி.மீ. என்றால் வெறும் தொட்டியே 30 கிலோ வரும். அதற்கேற்ற மேசை வேண்டும். மேசைக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மோகோல் தகடு ஒன்று போடுங்கள்.

மூடி கண்ணாடியாக இருக்கவே கூடாது. மரச்சட்டம் அடித்து 6 மி.மீ. சதுரக் கண் உள்ள வெல்டட் கம்பிவலை. கோழிவலை வேண்டாம். அறுகோணக் கண் பெரிது, கம்பி மெல்லியது, குள்ள ஹாம்ஸ்டர் அதில் தலையை விட்டுவிடும். வலையின் வெட்டிய முனைகள்மேல் மெல்லிய மரப்பட்டி வைத்து ஆணி அடித்து மூடுங்கள்.

டப்பாவில் செய்கிறவர்களுக்கு: மூடியில் நான்கு பக்கமும் 4 செ.மீ. விளிம்பு விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுக்கவும். முதலில் நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டு வெட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடாது. வலை ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். எம்4 போல்ட், இரண்டு பக்கமும் வாஷர், 8 செ.மீ.க்கு ஒன்று. போல்டின் தலை உள்ளே, நட்டு வெளியே. பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுக் கட்டினால் இரண்டு ராத்திரி தாங்கும், அவ்வளவுதான்.

நீண்ட பக்கத்திலும் ஒரு சன்னல் வெட்டுங்கள், படுக்கை (தோண்டுவதற்காக அடியில் நிரப்பும் காகிதம், சீவல்) மட்டத்துக்கு மேலே. மூடியில் மட்டும் வலை இருந்தால் டர்பன் ஈரத்தில் அடியில் இருக்கிற காற்று அசையாமல் நிற்கும். மூத்திரத்தின் அம்மோனியா வாடை அங்கேயே தங்கி மூச்சுக்கோளாறு வரும்.

லெனேசியா

எல்லாரும் அகலத்தைப் பேசுகிறீர்கள். ஆழம்தான் முதல் பேச்சாக இருந்திருக்க வேண்டும்.

சிரியாவின் வயல்களில் இதன் வளை சராசரியாக 65 செ.மீ. ஆழம். 1930-இல் அலெப்போ அருகே தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூதாதை. அவ்வளவு தலைமுறை கூண்டில் பிறந்தும் தோண்டும் குணம் போகவில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் படுக்கை போட்டு ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை கம்பியை அதிகம் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. 80 செ.மீ.யில் இருந்தவை கம்பியைக் கடிக்கவே இல்லை. ஆக, “எங்கள் வீட்டுது ராத்திரி முழுக்கச் சக்கரம் சுற்றுது, ரொம்பச் சுறுசுறுப்பு” என்று சந்தோஷப்படுவதற்குமுன் படுக்கையில் ஸ்கேலைக் குத்திப் பாருங்கள்.

நடைமுறையில் 25 செ.மீ. இருந்தால் வளை நிற்கும். 40 இருந்தால் நல்லது. ஆனால் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தளர்ந்த படுக்கையில் தோண்டினால் சுரங்கம் உடனே சரியும். 5 செ.மீ. காகிதப் படுக்கை போட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். அதன்மேல் ஒரு பிடி உலர்புல், நீளவாக்கில். மறுபடி 5 செ.மீ., மறுபடி அழுத்து. மண்சுவரில் வைக்கோல் கலப்பது எதற்கோ அதற்குத்தான் இங்கே புல். கடைகளில் எராகிராஸ்டிஸ் என்று கிடைப்பது போதும்.

45 செ.மீ. உயரத் தொட்டியில் ஒரு சிக்கல். சிரிய ஹாம்ஸ்டரின் சக்கரம் 28 செ.மீ. விட்டம், தாங்கியோடு 31 வரும். 25 செ.மீ. படுக்கைமேல் வைத்தால் 56. மூடி மூடாது. அதனால் சரிவாக நிரப்ப வேண்டும்: ஒரு கோடியில் 30, சக்கரம் நிற்கும் கோடியில் 10. சராசரி 20 என்று வைத்தால் 108 லிட்டர். அழுத்தும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்கிவிடும் என்பதால் 160 லிட்டர் வாங்குங்கள். பொட்டலத்தில் போட்டிருப்பது உதிர்த்த அளவா, அமுக்கிய அளவா என்று படித்துவிட்டு வாங்கவும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

160 லிட்டர் காகிதம் என்றால் ராண்டுக்கு எங்கே போவது அக்கா? இங்கே மலைப்பக்கம் முழுக்கப் பைன் மரம். சீவல் மூட்டை மலிவு. முழுக்க அதையே போட்டால் என்ன?

லெனேசியா

சூளையில் உலர்த்திய, தூசி நீக்கிய சீவலாக இருந்தால் போடலாம் தம்பி, ஆனால் தனியாக அதில் வளை நிற்காது. பாதிக்குப் பாதி காகிதத்தோடு கலந்து அடி அடுக்குகளில் போட்டால் செலவு குறையும். மூட்டையைப் பிரித்ததும் பிசின் வாடை மூக்கைத் துளைத்தால் திருப்பிக் கொடுத்துவிடு. அந்த வாடைப் பொருள்தான் நுரையீரலைப் புண்ணாக்கும். மர அறுப்பு ஆலையில் வாரிக் கொடுக்கும் தூள் எந்த நிலையிலும் ஆகாது. சீடர் மரச் சீவலும் அப்படியே.

“ஹாம்ஸ்டர் பஞ்சு” என்று விற்கிறார்களே, அதைத் தொடாதே. நூல் காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய் விழுங்கினால் குடல் அடைக்கும். வாசனை போடாத வெள்ளைக் கழிப்பறைக் காகிதம் பத்துத் துண்டு கிழித்துப் போடு. ராத்திரியோடு ராத்திரியாக அது கூடு கட்டிவிடும்.

மெரிபேங்க்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை.

கடற்கரை மணலை அள்ளி வந்து மணல்குளியல் வைக்காதீர்கள். உப்பு, சிப்பித் துணுக்கு, நாய்க் கழிவு எல்லாம் அதில் உண்டு. குழந்தைகள் விளையாடக் கடையில் விற்கும் கழுவிய மணலை வாங்கி, தட்டில் பரப்பி, ஓவனில் 180 டிகிரியில் அரை மணி வைத்து ஆறவிடுங்கள். 30 × 20 செ.மீ. தட்டில் 4 செ.மீ. ஆழம். சுண்ணாம்பு மணலும், சின்சில்லா என்ற பிராணிக்கென்று விற்கும் மாவுபோன்ற தூளும் வேண்டாம். மணல் என்றால் விரலிடுக்கில் உதிர வேண்டும், புகையாகப் பறக்கக் கூடாது. ரோபரோவ்ஸ்கி குள்ள வகைக்குத் தட்டு போதாது, தரையில் மூன்றில் ஒரு பங்கை மணலுக்கே விட்டுவிடுங்கள்.

மணல்தட்டு இன்னொரு வேலையும் செய்யும். பெரும்பாலானவை அதன் ஒரு மூலையைக் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். தினம் ஒரு கரண்டியால் அதை அள்ளினால் படுக்கை மாதக்கணக்கில் தாங்கும். வாராவாரம் முழுவதையும் மாற்றுவது சுத்தம் என்று நினைக்கிறார்கள். வளையையும் சேமிப்பையும் தன் வாடையையும் ஒரே நாளில் இழந்த பிராணி பயந்து கம்பி கடிக்கத் தொடங்கும். ஈரமான இடத்தை மட்டும் எடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு.

ஜனவரி, பிப்ரவரியில் புதைத்து வைத்த வெள்ளரித் துண்டு இரண்டு நாளில் பூசணம் பூக்கும். ஈரத் தீனியைச் சுண்டுவிரல் நக அளவுக்கு மேல் வைக்காதீர்கள், மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிடுங்கள். உலர்புல்லைப் பையோடு 48 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போட்டால் பேன், உண்ணி முட்டை தொல்லை குறையும். எறும்பு வந்தால் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், நம் பாட்டிகள் சமையலறை அலமாரிக்குச் செய்த அதே வித்தை. பூச்சிமருந்து ஸ்ப்ரே அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.

பீனிக்ஸ்

சக்கரத்தைப் பற்றி விட்டுப்போனது: அளவு சரியா என்று பார்க்கப் பக்கவாட்டில் நின்று ஓடும்போது முதுகைப் பாருங்கள். நேராக இருக்க வேண்டும். வாழைப்பழம்போல் மேல்நோக்கி வளைந்தால் சக்கரம் சிறிது. சிரிய வகைக்கு 28 முதல் 30, குள்ள வகைக்கு 20 செ.மீ. ஓடுதளம் முழுத் தகடாக இருக்கட்டும். கம்பிப் படி வைத்ததில் கால் நழுவி எலும்பு முறியும்.

சக்கரத்தைப் படுக்கைமேல் அப்படியே வைத்தால் கீழே தோண்டிச் சாய்த்துவிடும். பிளைவுட் பலகைக்கு 10 செ.மீ. கால்கள் அடித்து, கால்கள் தொட்டியின் அடிக்கண்ணாடியைத் தொடும்படி நிறுத்தி, அதன்மேல் சக்கரம். பல அறைக் குடிலுக்கும் இதே முறை. குடில் 30 × 20 செ.மீ., மூன்று அறை, தளம் இல்லாமல், கூரை கழற்றும்படி. வாசல் 7 செ.மீ. கன்னப்பை இரண்டும் நிறைந்து வரும்போது 5 செ.மீ. வாசலில் சிரிய ஹாம்ஸ்டர் சிக்கிக்கொள்ளும். குள்ள வகைக்கு 5 போதும். தளம் இல்லாததால் அறையிலிருந்தே கீழே வளை தோண்டிக்கொண்டு போகும்.

மரக்கிளை வைப்பவர்கள் தோட்டத்தில் இருப்பதை எல்லாம் ஒடிக்காதீர்கள். அரளி, சிரிங்கா (மலைவேம்பு), அவகாடோ மூன்றும் விலக்கு. ஆப்பிள் கிளை நல்லது, மருந்து தெளிக்காததாக இருந்தால்.

சாட்ஸ்வொர்த்

எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் தெற்குச் சன்னலைத் தவிர்க்கச் சொல்வார்கள். இங்கே பூமி தலைகீழ். நேர் வெயில் வருவது வடக்குச் சன்னலில். கண்ணாடித் தொட்டிமேல் அரை மணி வெயில் பட்டாலே உள்ளே அடுப்பு. 18 முதல் 24 டிகிரி உகந்தது; 30-ஐத் தாண்டினால் ஆபத்து. கோடையில் கரண்டு போய் ஃபேன் நின்றால், ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். உள்ளே ஒரு வெறும் பீங்கான் ஓடு போட்டால் அதில் வயிற்றை வைத்துப் படுக்கும்.

சாமி அறையில் வைக்காதீர்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் மூன்றும் அந்தச் சின்ன நுரையீரலுக்குச் சுமை. துணி அலமாரியின் நாப்தலீன் உருண்டையும் அப்படியே. தீபாவளி வெடிக்கும் நவம்பர் 5 (கை ஃபாக்ஸ் நாள்) வெடிக்கும் பயந்து அன்று சாயங்காலம் தொட்டியை வேறு அறைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. தூக்குவதே பெரிய அதிர்ச்சி, வளையும் சரியும். சன்னலைச் சாத்தி, மூடியில் பாதியைக் கம்பளியால் மூடி, அங்கேயே விடுங்கள். ஆழமான படுக்கையே அதற்குப் பதுங்குகுழி. சன்னலைச் சாத்துவது குரங்குக்காக எல்லா நாளும் வேண்டியதுதான். டர்பன் வெர்வெட் குரங்குக்கு மூடித் தாழ்ப்பாள் எல்லாம் ஒரு பொருட்டில்லை.

லெனேசியா

உங்களுக்கு வெயில், எங்களுக்குக் குளிர். ஜூன், ஜூலை இரவில் வெளியே உறைபனி, வீட்டுக்குள் ஹீட்டரும் இல்லை என்றால் ஹாம்ஸ்டர் குளிர் உறக்கத்தில் விழலாம். உடல் சில்லென்று இருக்கும், மூச்சு மிக அரிதாக வரும். செத்துவிட்டது என்று புதைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மீசையையும் விலாவையும் இரண்டு மூன்று நிமிடம் உற்றுப் பாருங்கள். அசைவு தெரிந்தால் அறையை 20 டிகிரிக்கு மேல் கொண்டுவந்து, உள்ளங்கையில் ஏந்தி மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீர், ஹேர் டிரையர் கூடாது. விழித்ததும் தண்ணீர், பிறகு மருத்துவர்.

தொட்டியை வெறும் தரையில் வைக்காமல் மேசைமேல் ஏற்றி, அடியில் தெர்மோகோல் போட்டு, கூட்டுக்குக் காகிதம் இரட்டிப்பாகக் கொடுத்தாலே பாதி ஆபத்து தீரும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

120 செ.மீ. தொட்டி வந்துவிட்டது. இவ்வளவு இடம் இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று விடலாமா?

லெனேசியா

பழமொழியே இருக்கிறதே தம்பி, எலி வளையானாலும் தனி வளை என்று. காட்டில்கூட வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர் ஒரு வளைக்கு ஒன்றுதான். எட்டு வாரம் தாண்டினால் உடன்பிறப்பையே கடித்துக் கொல்லும். கடையில் ஒன்றாகப் படுத்திருப்பது குட்டிப் பருவத்துப் பாசம்.

புதுத் தொட்டிக்கு மாற்றும்போது பழைய கூட்டுக் காகிதம் இரண்டு பிடி, கழிப்பிட மணல் ஒரு கரண்டி உள்ளே போடு. சிப்பர் பாட்டிலின் உருண்டை சிக்கிக்கொள்ளும், அதனால் கனமான பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் வை. பிறகு நாலு நாள் கையை விடாதே. முதல் வாரம் அது கண்ணிலேயே படாது. காலையில் தீனி குறைந்திருந்தால் சரி.